கடைசிப் பட்டன்

வருடம் பிறந்த முதல் வாரத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள்.

கத்திப் பேசுகிறவர்கள் மெல்லப் பேசுவார்கள். லிஃப்டில் போகிறவர்கள் படியேறிப் போவார்கள். காய்கறிக் கடையில் வெள்ளரிக்காய் காலையிலேயே தீர்ந்துவிடும். பேக்கரியில் பன்கள் சாயங்காலம் வரை கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் வீடு முதல் மாடியில் இருக்கிறது. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. ஜன்னல் என்று ஒன்றை மெனக்கெட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் பார்க்காமல் இருந்தால் வைத்தவர் மனசு என்ன பாடுபடும்?

என் ஜன்னலுக்கு நேர் எதிரே பேக்கரி. பேக்கரிக்காரருக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் பன் மாமா. இப்போது பெரியவர்களுக்கும் அவர் பன் மாமாதான். வருடத்தின் முதல் நாள் அவர் கடையின் பெரிய கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பார். வாசலில் ஒரு சோப்புத் துண்டை வைப்பார். இந்த வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று யார் வேண்டுமானாலும் அந்தச் சோப்பால் கண்ணாடியில் எழுதலாம். முதல் மாதம் முடியும் வரை அழிக்க மாட்டார்.

இந்த வருடம், ஏதோ ஆபீசில் பணம் எண்ணுகிற கேஷியர் அண்ணன், "தினமும் விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுவேன்" என்று எழுதினார். அதுவரை அவர் பஸ்ஸுக்குப் பின்னால் மட்டும்தான் ஓடியிருக்கிறார்.

என் வீட்டுக்குக் கீழே தையல் கடை. தையல் அக்காவின் மகளுக்கு வயது பத்து. சாயங்காலம் ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் சிந்திய குண்டூசிகளை எல்லாம் பொறுக்குவது அவள் வேலை. அதனால் பெயரும் குண்டூசி. அவள், "நானே ஒரு முழுச் சட்டை தைப்பேன்" என்று எழுதினாள். அவள் தைத்த பட்டன் எதுவும் அதுவரை ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்ததில்லை.

அவளுடைய தம்பிக்குப் பெயர் வால். வயது ஆறு. "அக்காவை விட உயரமாவேன்" என்று எழுதினான். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் எழுதினான். அங்கேதான் அவனுக்கு எட்டியது.

ஓர் ஓரத்தில் என் வரியும் உண்டு. அதைப் பற்றிப் பேச இது இடமில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் பன் மாமாவே எழுதியிருந்தார்: "வயிற்றில் நாலு இஞ்ச் குறைப்பேன்."

அவருக்கு முட்டி வலி. கொஞ்சம் எடை குறைத்தால் முட்டிக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவர் சொன்னது 'கொஞ்சம்'. மருத்துவமனையிலிருந்து தெருமுனைக்கு வருவதற்குள் அது ஒரு இஞ்ச் ஆகி, கடை வாசலுக்கு வருவதற்குள் நாலு ஆகிவிட்டது. எங்கள் தெருவின் காற்று அப்படி.

*

வருடப் பிறப்பு வந்தாலே தையல் அக்காவுக்குத் தலைவலி வரும். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தெருக்காரர்கள் இருக்கிற உடம்புக்குத் துணி தைக்க மாட்டார்கள். வரப்போகிற உடம்புக்குத்தான் தைப்பார்கள்.

"இப்ப இருக்கறத விட ரெண்டு இஞ்ச் குறைச்சே தைங்கக்கா. அடுத்த மாசம் எனக்குச் சரியா இருக்கும்" என்பார்கள்.

அக்கா தைத்துக் கொடுப்பார். மூன்றாம் மாதம் அதே ஆட்கள் அதே துணியோடு வருவார்கள். "என்னக்கா, துணி இப்படிச் சுருங்கிப்போச்சு?" என்பார்கள். அக்கா பதில் சொல்ல மாட்டார். நாலு குண்டூசியை எடுத்து உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். வாயில் குண்டூசி இருந்தால் பேச முடியாது. பேச முடியாவிட்டால் சண்டை வராது.

இரண்டாம் தேதி காலையில் பன் மாமா ஒரு பொட்டலத்தோடு தையல் கடைக்கு வந்தார். நான் தற்செயலாகக் கீழே இறங்கி, என் சட்டைக்குப் பொருத்தமான நூல்கண்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தில் கருநீலத் துணி இருந்தது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"என் பொண்ணு அனுப்பியிருக்கா. நர்ஸ் பயிற்சியில அவளுக்குக் குடுத்த பணத்துல வாங்கினது" என்றார் பன் மாமா. "அடுத்த மாசக் கடைசியில விழா. மேடையில எல்லாருக்கும் பேட்ஜ் குத்துவாங்களாம். அத வீட்டு ஆளுதான் குத்தணுமாம்."

அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. வீட்டு ஆள் என்றால் இவர் ஒருவர்தான்.

"கோட்டு தைக்கணும் தங்கச்சி. ஒரே ஒரு கோட்டுக்குத்தான் துணி இருக்கு. கடையிலயே இதுதான் கடைசித் துண்டாம்."

தையல் அக்கா டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். பன் மாமா கூரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது.

"மூச்சை விடுங்கண்ணே" என்றார் அக்கா.

"விட்டா வேற அளவு வரும்."

"அந்த அளவுதான் எனக்கு வேணும்."

மூச்சு வெளியே வந்தது. டேப் நாற்பத்தாறைக் காட்டியது.

"சரி. நீங்க நாப்பத்திரண்டுன்னே வெட்டுங்க" என்றார் பன் மாமா.

அக்கா வழக்கம்போல நாலு குண்டூசியை வாயில் வைத்தார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எங்கள் தெருவில் இது பெரிய விஷயம். மேசைக்கு அடியிலிருந்த குண்டூசியும் தலையை நீட்டிப் பார்த்தாள். பெண்ணைச் சொல்கிறேன்.

"அண்ணே, மத்தவங்கன்னா நான் பேசாம வெட்டிடுவேன். இது ஒரே துண்டு. வெட்டிட்டா வெட்டினதுதான். அப்புறம் அழுதாலும் ஒட்டாது."

"அப்ப என்னால முடியாதுங்கறீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. ஆனா ஊசியெல்லாம் வெளிய எடுத்துட்டீங்களே." பன் மாமா துணியை மடிக்கத் தொடங்கினார். "கண்ணாடியில எழுதியிருக்கேன். தெருவே பாத்துச்சு. இப்ப நாப்பத்தாறுக்குக் கோட்டு தைச்சா எல்லாரும் என்ன சொல்வாங்க? பெரிய ரோட்டுத் தையல்காரர் நாளைக்குக் கடை தொறக்கறார். அவர் நான் சொல்றத வெட்டுவார்."

அவர் போய்விட்டார். கருநீலத் துணியும் போய்விட்டது.

"பெரிய ரோட்டுக்காரர் கண்டிப்பா வெட்டிடுவாரு" என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல். "அவர் எதைச் சொன்னாலும் வெட்டுவாரு."

நான் நூல் வாங்காமல் வந்துவிட்டேன்.

*

அன்று சாயங்காலம் தையல் அக்கா மகளுடைய சீருடை ஸ்கர்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கப் போகிறது. குண்டூசி போன வருடத்தை விட வளர்ந்திருந்தாள். ஸ்கர்ட் வளரவில்லை.

குண்டூசி காந்தத்தோடு தரையில் ஊர்ந்துகொண்டிருந்தாள். அம்மாவின் மடிக்கு அருகில் வந்ததும் நின்றாள்.

ஸ்கர்ட்டின் அடிப்பக்கத்தில் உள்ளே மடித்து வைத்திருந்த துணியை அம்மா கொஞ்சம் இறக்கிவிட்டார். இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு கோடு. அது அதற்கு முந்தின வருடத்து மடிப்பு.

"இன்னும் உள்ள துணி இருக்காம்மா?"

"இருக்கு. அடுத்த வருஷத்துக்கு."

"நான் எவ்வளவு வளருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் உள்ள வெக்கறேன்."

குண்டூசி காந்தத்தைப் பெட்டியில் போட்டாள். அன்றைக்குப் பாதிக் குண்டூசிகள் தரையிலேயே கிடந்தன. வாலின் காலில் ஒன்று குத்தி, அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலையில் பேக்கரியில் ரொட்டிக்கு வரிசை. குண்டூசி முதலில் நின்றாள். எனக்கும் ரொட்டி வேண்டியிருந்ததால் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு பெரிய ரொட்டி மாமா."

"உங்கம்மா அனுப்பிச்சாங்களா?" என்றார் பன் மாமா. குரலில் இன்னும் கோபம் இருந்தது. துணிப் பொட்டலம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நல்லவேளை, இன்னும் பெரிய ரோட்டுக்குப் போகவில்லை.

"ரொட்டிக்கு அனுப்பிச்சாங்க. மத்தது நானா கேக்கறது."

"மத்ததுன்னா?"

"நாலு இஞ்ச் கண்டிப்பா குறைஞ்சிருமா மாமா?"

"எழுதியிருக்கேன்ல?"

"நானும்தான் முழுச் சட்டைன்னு எழுதியிருக்கேன். முந்தாநாள் ஒரு கை மட்டும் தைச்சேன். மணிக்கட்டுப் பக்கத்தையும் சேத்து மூடித் தைச்சுட்டேன். வால் அதுக்குள்ள கையவிட்டு, வெளிய வர வழி தெரியாம அழுதுட்டான்."

பன் மாமாவின் மீசை லேசாக ஆடியது. உடனே நின்றது.

குண்டூசி தன் ஸ்கர்ட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது போன வருஷக் கோடு. இது அதுக்கு முன்னாடி. எங்கம்மா நான் எவ்வளவு வளரணும்னு என்கிட்ட கேக்கறதில்ல. நானும் சொல்றதில்ல. மடிச்சு உள்ள வெச்சுடுவாங்க."

"நீ வளர்ற பிள்ள. நான் குறையப் போற ஆளு."

"அதான் மாமா, அதைத் திருப்பிப் பண்ணலாம். இப்ப இருக்கற அளவுக்கு வெட்டுவோம். நீங்க சொல்ற அளவுக்கு உள்ள மடிச்சு வெச்சுக்குவோம். வெளிய பாத்தா நாப்பத்திரண்டுதான். உள்ள இருக்கற துணி உங்களுக்கும் எங்கம்மாவுக்கும் மட்டும் தெரியும்."

"உனக்கும்."

"எனக்கும்."

பன் மாமா வரிசையைப் பார்த்தார். வரிசை கூரையைப் பார்த்தது.

"துணி வீணாகாதுல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"வெட்டினாத்தான் வீணாகும். மடிச்சா ஆகாது."

அவர் பொட்டலத்தை எடுத்து ரொட்டியோடு சேர்த்துக் கொடுத்தார். "தெருவுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து பேரைத் தவிர.

விஷயத்தைக் கேட்ட தையல் அக்கா துணியை மேசையில் விரித்தார். "முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. மூணு இடத்துல பிரிச்சு மடிச்சா வெளிய தெரியாது" என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். "யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"ஸ்கர்ட்டு."

*

துணியை நாற்பத்தாறுக்கு வெட்டி, நாற்பத்திரண்டுக்கு மடித்தாயிற்று. மடித்ததை இயந்திரத்தில் தைக்கவில்லை. கையால் பெரிய பெரிய தையலாக வெள்ளை நூல் ஓட்டி வைத்தார் அக்கா. அந்த நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

பன் மாமா மூன்று வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

அந்த மூன்று வாரம் எங்கள் தெருவுக்குச் சோதனைக் காலம். பன் மாமா வெள்ளரிக்காயும் வெந்நீருமாக வாழ்ந்தார். நாலு இஞ்சுக்காக அவர் இன்னொரு காரியமும் செய்தார். தான் சுடுகிற எதையும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். ருசி பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

முதல் வாரம் ரொட்டியில் உப்பு இல்லை. இரண்டாவது வாரம் பன்னில் உப்பு மட்டும்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பிஸ்கட்டைக் கேஷியர் அண்ணன் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார்.

யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? கேஷியர் அண்ணன் இரண்டே நாள்தான் ஓடினார். மூன்றாம் நாள் போர்வைக்குள் இருந்தார். தெருவில் எழுதியதை விடாமல் செய்துகொண்டிருந்தவர் பன் மாமா ஒருவர்தான். அவரைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் முகம் இல்லை.

வாலுக்கு மட்டும் முகம் இருந்தது. "மாமா, இந்த பன் கடல் மாதிரி இருக்கு" என்றான். வீட்டில் அவனுக்குத் திட்டு விழுந்தது.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பன் மாமா தையல் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கோட்டை மாட்டினார். கைகள் சரி. தோள் சரி. முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, ஆனால் சந்திக்கவில்லை.

மூச்சை இழுத்துப் பிடித்தார். அப்போதும் சந்திக்கவில்லை.

அக்கா டேப்பைப் பிடித்தார். "நாப்பத்தஞ்சரை."

"அரையா?" என்றார் பன் மாமா. "மூணு வாரம் பட்டினி கிடந்தேன் தங்கச்சி. அரையா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துணியைத் தடவினார். நான் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினேன்.

"அவகிட்ட சொல்லிடறேன்" என்றார். "பேட்ஜை வேற யாராவது குத்திவிடட்டும். அவங்க டீச்சரே குத்தலாமே. நான் போகல. சாயங்காலம் கண்ணாடியையும் துடைச்சுடறேன்."

தையல் அக்கா குண்டூசி டப்பாவின் பக்கம் கையை நீட்டினார்.

குண்டூசி எழுந்து வந்தாள். கோட்டை அவர் மடியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள்.

"அம்மா, நூலை உருவட்டுமா?"

"உருவு."

அவள் நுனியைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று வந்தது. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், பிறகு முதுகு. மடிப்புகள் எல்லாம் பிரிந்து, கோட் மூச்சு விட்டது போல அகன்றது. பிறகு குண்டூசி ஒவ்வொரு தையலிலும் துளித் துணியைக் கிள்ளி மடித்து, குண்டூசி குத்தினாள்.

"இப்பப் போடுங்க மாமா. மெதுவா. ஊசி இருக்கு."

பன் மாமா மாட்டினார். முன்பக்கம் இரண்டும் சந்தித்தன. இழுக்கவில்லை, தொங்கவும் இல்லை.

"இது யாரு அளவு?" என்று கேட்டார்.

"உங்களோடது. இன்னிக்கு அளவு."

"அப்ப நாலு இஞ்ச்?"

"அது இப்ப வேண்டாம் மாமா. இங்க தொட்டுப் பாருங்க." அவள் கோட்டின் உட்புறத்தைத் திருப்பி, மெல்லிய மடிப்பைக் காட்டினாள். மூன்றையும் காட்டினாள். "இதெல்லாம் சேந்தா அரை இஞ்ச். மூணு வாரம் முன்னாடி இது உங்க வயித்துல இருந்துச்சு. இப்ப கோட்டுக்குள்ள இருக்கு."

பன் மாமா மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை தடவினார்.

"நீ முழுச் சட்டை தைச்சுட்டியா?" என்று கேட்டார் திடீரென்று.

"இல்ல. விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

"சட்டையத்தான் விட்டேன். இப்ப காஜா மட்டும் கத்துக்கறேன்."

காஜா என்றால் பட்டன் நுழைகிற ஓட்டையின் ஓரத்தை நூலால் கட்டுவது. பார்த்தால் சின்ன வேலை. செய்து பார்த்தால் தெரியும். அவள் ஒரு பழைய துணியை எடுத்து வந்து காட்டினாள். துணி முழுக்க ஓட்டைகள். எலி விருந்துக்கு வந்துபோன மாதிரி இருந்தது.

"மேல இருக்கறது முதல்ல போட்டது. இதுல பட்டன் போகாது. இதுல பட்டன் போகும், திரும்பி வராது. இது கொஞ்சம் பரவாயில்ல. கடைசியா இருக்கறது பாருங்க."

கடைசியாக இருந்தது ஒரு காஜா. லேசாகக் கோணலாக இருந்தது. ஆனால் காஜாதான். பன் மாமா தன் சட்டைப் பட்டனைக் கழற்றாமலே, துணியை அதன் மேல் வைத்து நுழைத்துப் பார்த்தார். போனது. வந்தது.

"சட்டைக்கு எத்தனை காஜா வேணும்?" என்றார்.

"எனக்கு இப்ப ஒண்ணுதான் வேணும்."

அவர் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவை. எழுந்து, கோட்டைப் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார். ஒரு பன்னை எடுத்து ஒரு வாய் கடித்தார். நின்றார். கடித்ததை அவசரமாகத் துப்பினார்.

"இத்தனை நாளா இதையா தின்னீங்க?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார்.



அவர் கட்டைவிரலை ஈரமாக்கி, கண்ணாடியில் 'நாலு' என்பதை மட்டும் அழித்தார். சோப்பால் அந்த இடத்தில் 'ஒரு' என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "ருசி பார்ப்பது உண்டு."

கொஞ்ச நேரத்தில் கேஷியர் அண்ணன் அந்தப் பக்கம் சும்மா வருவது போல வந்தார். சோப்புத் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். பத்து கிலோமீட்டரை அழித்துவிட்டு, "ஆபீசில் படியேறுவேன்" என்று எழுதினார். யோசித்து, "ஏறும்போது மட்டும்" என்று சேர்த்தார். குண்டூசியும் வந்து 'முழுச் சட்டை'யை அழித்துவிட்டு, 'ஒரு காஜா' என்று எழுதினாள். வால் மட்டும் எதையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவன் வளர்ந்துகொண்டிருப்பதாக அவனுக்கே தெரியும் என்றான்.

இருட்டின பிறகு நானும் இறங்கிப் போய் என் வரியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன்.

மறுநாளிலிருந்து ரொட்டியில் உப்பு சரியாக இருந்தது.

*

கோட்டில் எல்லா வேலையும் முடிந்தது. லைனிங் வைத்தாயிற்று. மிச்சம் இரண்டு காஜா. மேல் பட்டனுக்கு ஒன்று, கடைசிப் பட்டனுக்கு ஒன்று.

காஜா போட வேண்டுமென்றால் துணியை வெட்ட வேண்டும். வெட்டின பிறகு நூல் மாதிரி உருவ முடியாது. தையல் அக்கா மேல் காஜாவைத் தானே போட்டார். அச்சில் அடித்த மாதிரி வந்தது. பிறகு மகளைப் பார்த்தார்.

"கடைசிப் பட்டனை யாரும் போடறதில்ல" என்றார். "கோட்டுல அது சும்மா அழகுக்கு."

"அப்ப நான் போடட்டுமா?"

"அண்ணன்கிட்டக் கேளு. துணி அவரோடது."

குண்டூசி தெருவைத் தாண்டி ஓடினாள். பன் மாமா மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கோணலா வருமா?" என்றார்.

"கொஞ்சம்."

"பட்டன் போகுமா?"

"போகும்."

"திரும்பி வருமா?"

"வரும்."

"அப்புறம் என்ன? போடு."

அவள் அதைப் போடுகிறபோது வாலைக் கூட வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் ஜன்னலில் இருந்தேன். எதிரே பேக்கரிக் கண்ணாடியில் பார்த்தால் அவள் தலையும், விளக்கும், ஏறி இறங்குகிற கையும்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் ஏறி இறங்கியது. தையல் அக்கா வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அன்றைக்குத் தைக்க வேறு எந்த வேலையும் இல்லை. வாய் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

விழாவுக்குப் போகிற நாள் வந்தது. பன் மாமாவுக்குக் காலை பஸ். பேக்கரி வாசலில் ஒரு அட்டை தொங்கியது: "இன்று லீவு. நாளை பன் உண்டு." அவர் குளித்து, தலை வாரி, தையல் கடையில் வந்து நின்றார். காகிதத்தில் சுற்றியிருந்த கோட்டை அக்கா எடுத்து மாட்டிவிட்டார்.

தெருவில் அந்த நேரத்தில் எல்லோருக்கும் தையல் கடைக்குப் பக்கத்தில் வேலை இருந்தது. கேஷியர் அண்ணன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு நூல் வாங்க வேண்டியிருந்தது.

அக்கா டேப்பை எடுத்தார். "நாப்பத்தஞ்சு" என்றார். "ஒரு இஞ்ச்."

"உள்ள இருக்கா?" என்று கேட்டார் பன் மாமா.

"இருக்கு."

அவர் கோட்டின் ஓரத்தைத் திருப்பித் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேல் பட்டனைப் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். பிறகு குனிந்து, கடைசிப் பட்டனையும் பிடித்தார்.

"அண்ணே, அது போட வேண்டாம். யாரும் போட மாட்டாங்க" என்றார் அக்கா.

"நான் போடுவேன்."

கடைசிப் பட்டன் இருக்கிற இடம் வயிறு எல்லோரையும் விட முன்னால் நிற்கிற இடம். அந்தக் காஜாவும் லேசாகக் கோணல். பட்டன் ஒரு நொடி தயங்கியது. பிறகு உள்ளே போனது. நின்றது.

பன் மாமா கூரையைப் பார்த்தபடி நின்றார்.

"மூச்சை விடுங்க மாமா" என்றாள் குண்டூசி.

"எப்பவோ விட்டாச்சு" என்றார் பன் மாமா.